அரை ரூபாய் இடைவெளி

என் கணவர் வாயைத் திறந்து ஒரு விலை சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கிணத்துக்கடவில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. வியாபாரி வந்து குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காய்க்கு என்ன வெலைங்க?" என்பார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார். அவ்வளவுதான் பேரம், முடிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏனுங்க, தேங்காய் நம்முளுதுதானுங்களே? வெலையச் சொன்னா வாயிலிருந்து முத்து உதுந்துருமா?" என்பேன்.

"பத்து வருசமா வாராரு அம்மணி. கொறச்சுப் போட்டா அவருக்கே நல்லா இருக்காது" என்பார். அதிசயம் என்னவென்றால், அந்த வியாபாரியும் குறைத்துப் போட்டதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

விலை சொல்லத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் கன்றுக்குட்டி விற்கப் போய்ப் பழகியவர். அங்கே துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடையில், விரித்துப் போட்ட சேலைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலை அழுத்தினார். ஒன்றும் புரியாமல் முறைத்தேன். வெளியே வந்து சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து எந்தக் கடையிலும் எங்களுக்கு வாய்ப்பேச்சு கிடையாது. அவர் நூறு, பத்து, ஒன்று என்று வரிசையாக விரலை அழுத்துவார். நான் பதிலுக்கு அழுத்துவேன். விற்கிற பையன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து போவான்.

நான் அப்படியில்லை. எனக்கு விலை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் பைசா சுத்தமாக. அதனால்தானோ என்னவோ, மில் ஆபீசில் பார்த்த கணக்கு வேலையை விட்டபிறகு பங்குச்சந்தையில் ஆப்ஷன் வர்த்தகத்தில் போய் விழுந்தேன். ஆறு வருஷமாகிறது. காலை ஒன்பதேகாலுக்கு வீட்டு மாடியறையில் இரண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மூன்றரை வரைக்கும் நான் வேறு ஆள். சமையல், சொந்தம், விசேஷம் எதுவும் அந்த அறைக்குள் வராது. எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆரம்பத்தில் எல்லாரையும் போல நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஏதோ ஒரு கம்பெனியின் ஆப்ஷன். கடைசியாகக் கைமாறிய விலை பன்னிரண்டு ரூபாய் என்று திரையில் நின்றது. சரி, பன்னிரண்டுக்குக் கிடைக்கும் என்று மார்க்கெட் ஆர்டரை அமுக்கினேன். பதினேழுக்கு வாங்கிக் கொடுத்தது. பதறிப்போய் விற்க அமுக்கினேன். ஒன்பதுக்கு விற்றுக் கொடுத்தது. மூச்சு விடுவதற்குள் பாதி காலி. பிறகுதான் புரிந்தது, வாங்குகிறவன் ஒன்பதில் நிற்கிறான், விற்கிறவன் பதினேழில் நிற்கிறான், நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை. பன்னிரண்டு என்பது எப்போதோ நடந்த பழைய வியாபாரம்.

மார்க்கெட் ஆர்டர் என்றால் வேறொன்றுமில்லை, "பாத்துப் போட்டுக் குடுங்க" என்பதுதான். என் கணவருக்கு எதிரில் பத்து வருஷமாக வருகிற தேங்காய் வியாபாரி நிற்கிறார். எனக்கு எதிரில் யார் நிற்கிறார்? மனுஷனே கிடையாது. எங்கோ ஓடுகிற கம்ப்யூட்டர். அதற்கு என்ன மரியாதை தெரியும்? அன்றைக்கே முடிவு செய்தேன், இனி லிமிட் ஆர்டர்தான். இந்த விலைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன், இந்த விலைக்குக் கீழே ஒரு பைசா இறங்கமாட்டேன். கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும். அந்த ஒரு பிடிவாதத்திலேயே நான் நன்றாகச் சம்பாதித்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பெருமை அதிகமானால் வாய் நீளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பு வீட்டில் கறி விருந்து. என் கொழுந்தனார், அதாவது என் கணவரின் தம்பி, எலும்பைக் கடித்துக்கொண்டே, "அண்ணியாருக்கென்னங்க, அண்ணன் தேங்காய் வித்துக் கொண்டாந்து குடுக்கறாரு, அண்ணியார் மாடில உக்காந்து உட்டுப்போட்டு வாராங்க" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றேன். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. என்னிக்காவது ஒரே நாள்ல ஒரு லட்சத்துக்கு மேல விட்டேன்னா, அன்னிக்கே அந்த அறையைப் பூட்டிச் சாவியக் கொழுந்தனார் கையில குடுத்துப்போட்டு, தோப்புல தேங்காய் எண்ண வாரேன். இது என்ற வாக்கு" என்றேன்.

எங்கள் பக்கம் சபையில் ஒரு வாக்கு விட்டால் அது விட்டதுதான். அது ஆயிற்று இரண்டு வருஷம். ஒரு நாளும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் போகவில்லை, என் தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும்.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. லேத் பட்டறை வைத்திருக்கிறான். இந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று ஊருக்கே தெரியும். ஆறு வருஷம் தேடிக் கிடைத்த பெண். பொள்ளாச்சி ரோட்டில் மண்டபம். விடியக்காலையில் முகூர்த்தம், முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி வேறு இருந்ததால் சீர்களை மதியத்துக்கே தள்ளிவிட்டார்கள். அதில் இணைச்சீர் என் பங்கு. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை என்னிடம். சீர் முடிகிறவரை விடக்கூடாது, நகரக்கூடாது.

அன்று வர்த்தகம் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. காலையில் மண்டபத்து அறையில் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபோனில் சந்தையைப் பார்த்தேன், ஏறுகிற முகமாக இருந்தது. சந்தையின் இன்டெக்ஸ், அதாவது குறியீட்டெண், ஏறினால் விலை ஏறுகிற ஆப்ஷன் ஒன்றை நூற்றெண்பது ரூபாய் வீதம் ஆயிரத்து ஐந்நூறு எண்ணம் வாங்கினேன். லிமிட் ஆர்டர்தான், கேட்ட விலைக்கே கிடைத்தது. மதியம் ஒரு மணிக்கு அது நூற்றெழுபதில் ஆடிக்கொண்டிருந்தபோது, சீருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

போவதற்கு முன் ஸ்டாப்லாஸ் போட்டு வைத்தேன். நாம் பக்கத்தில் இல்லாதபோது நஷ்டத்தை ஓர் இடத்தில் நிறுத்துவதற்கு விட்டுப்போகிற ஆர்டர் அது. அதில் இரண்டு விலை கேட்கும். முதல் விலையைத் தொட்டால் ஆர்டர் விழித்துக்கொள்ளும். இரண்டாவது விலைக்குக் கீழே விற்காது. நான் முதல் விலை நூற்று நாற்பது என்று போட்டேன். இரண்டாவது விலை நூற்று முப்பத்தொன்பதரை. அறுபதாயிரம் சொச்சத்தோடு நஷ்டம் நின்றுவிடும் என்று கணக்கு.

என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த என் கணவர், "அரை ரூபாய்தானா அம்மணி எடவெளி? இன்னுங் கொஞ்சம் எடம் உட்டு வெய்யி" என்றார்.

"தேங்காய் ஏவாரம்னு நெனச்சீங்களா, தாராளமா உடறதுக்கு? அரை ரூபாய்னா ஆயிரத்தைந்நூறு எண்ணத்துக்கு எவ்வளவுன்னு தெரியுமுங்களா?" என்று கடித்தேன். "ஃபோனை வெச்சிருங்க. ஆர்டர் தானா வேலை செய்யும். நீங்க ஒண்ணையும் தொட வேண்டாம்."

சரி என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆர்டரை எப்படித் திருத்துவது, எப்படி மார்க்கெட் ஆர்டராக மாற்றுவது என்றெல்லாம் அவருக்குத் தெரியும். நான்தான் எப்போதோ ஒரு பெருமைக்குக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

பத்து நிமிஷச் சீர் என்றார்கள். பத்து நிமிஷமாம்! சீரை நடத்துகிற அருமைக்காரர் ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்கிறவர். அவர் செய்து முடித்ததும் கேமராக்காரர்கள், "அக்கா, இன்னொருக்கா அப்படியே, இந்தப் பக்கம் பாத்து" என்று மறுபடியும் செய்ய வைத்தார்கள். அரைமணி நேரம் ஓடிவிட்டது. நான் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன்.

அப்போது மேடைக்குக் கீழே நின்ற என் கணவர் பையிலிருந்து ஃபோனை எடுப்பது தெரிந்தது. பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டாப்லாஸ் வேலை செய்திருந்தால் அவர் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையில் போட்டிருப்பார். திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்றால் விற்கவில்லை என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு செய்தி வந்து சந்தை சறுக்கியிருக்கிறது. நூற்று நாற்பத்தொன்றிலிருந்த விலை அடுத்த நொடியில் நூற்று முப்பத்திரண்டுக்குக் குதித்துவிட்டது. என் ஆர்டர் விழித்துக்கொண்டு, "நூத்தி முப்பத்தொன்பதரைக்குக் கீழ தரமாட்டேன்" என்று நட்டுக்குத்தலாக நின்றுவிட்டது. சந்தையே கீழே போய்விட்டபிறகு அந்த விலைக்கு எவன் வாங்குவான்? அரை ரூபாய் இடைவெளி விட்ட என் சாமர்த்தியம் அப்படியே பல்லைக் காட்டியது. ஓட வேண்டிய நேரத்தில் நான் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறேன்.

மனசு தானாகக் கணக்குப் போட்டது. நூற்றெண்பதிலிருந்து நூற்றுப் பதின்மூன்றுக்கு வந்தால் ஒரு லட்சம் தாண்டிவிடும். நூற்றுப் பதின்மூன்று. அதைத் தொட்டால் அறையைப் பூட்ட வேண்டியதுதான். கொழுந்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். சேலையை விட்டுவிட்டு ஓடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆறு வருஷம் தேடிக் கிடைத்த பெண். சீர் நடுவில் அக்கா முனையை விட்டாள் என்று ஒரு பேச்சு வந்தால் அது என் தம்பியின் ஆயுசு முழுக்க நிற்கும். பிடியை இறுக்கிக்கொண்டேன்.

என் கணவர் மேடையேறி வந்தார். மாப்பிள்ளையின் மச்சான், யார் கேட்கப்போகிறார்கள்? சேலை மடிப்பைச் சரிசெய்கிறவர் மாதிரி குனிந்து, தொங்கிய மடிப்புக்கு அடியில் கையை விட்டு என் இடது கையைப் பிடித்தார். ஒரு விரலை அழுத்தினார். பிறகு இரண்டு விரல். நூற்றிருபது.

எத்தனை வருஷப் பழக்கம்! என் கை யோசிக்கவே இல்லை. ஒரு விரல், பிறகு மூன்று விரல். நூற்று முப்பதுக்குப் போடுங்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. இன்னொரு கையில் மறைத்துப் பிடித்திருந்த ஃபோனைப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். ஒரு விரல், ஒரு விரல், பிறகு முழுக்கையும் சேர்த்து ஒரு பிடி, அதற்குமேல் இரண்டு விரல். நூற்றுப் பதினேழு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? நூற்று முப்பது என்பது போய்விட்ட விலை. அன்றைக்குப் பன்னிரண்டு ரூபாயை நம்பின அதே முட்டாள்தனத்தை வேறு சட்டை போட்டுக்கொண்டு செய்கிறேன். இப்போது எனக்கு வேண்டியது நல்ல விலை இல்லை, வெளியே வருவது. என்ன விலையானாலும் சரி, இந்த நொடியே. இது ஒன்றும் அந்தக் கம்பெனி ஆப்ஷன் மாதிரி ஆளில்லாத சந்தையும் இல்லை. வாங்க ஆயிரம் பேர் நிற்கிற சந்தை. இங்கே மார்க்கெட் ஆர்டர் ஒன்றும் கழுத்தை அறுத்துவிடாது.

ஆனால் அதை விரலில் எப்படிச் சொல்வது? மாட்டுச் சந்தையில் அதற்கு விரல் கிடையாது. விரல் இருப்பதெல்லாம் விலை சொல்லத்தான்.

வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் கேலி செய்த அதே வார்த்தையை, மேடையில், அத்தனை சனத்துக்கும் கேமராவுக்கும் முன்னால், கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"பாத்துப் போட்டுருங்க!"

அருமைக்காரர் தனக்குச் சொன்னதாக நினைத்து, "போட்டுட்டுத்தானம்மணி இருக்கறேன், அவசரப்படாத" என்றார். கீழே எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் கணவரின் கட்டைவிரல் இரண்டு தடவை திரையில் விழுந்ததைப் பார்த்தேன். பையில் ஃபோனைப் போட்டார்.

நூற்றுப் பதினாறுக்கு விற்றிருந்தது. தொண்ணூற்றாறாயிரம் நஷ்டம். சந்தை மூடும்போது அந்த விலை எண்பதுக்கும் கீழே கிடந்தது. அன்று சாயங்காலம் கொழுந்தனாரிடம் நானே போய்ச் சொன்னேன், இன்றைக்கு இவ்வளவு விட்டேன், நாலாயிரத்தில் அறை தப்பித்தது என்று. ஒளிக்கிற பழக்கம் எனக்கில்லை. அவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு, "நாலாயிரந்தானுங்களா!" என்றார். இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கக்கூடாதா என்ற வருத்தம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

இப்போதும் அதே அறை, அதே இரண்டு திரை. உள்ளே நுழையும்போது லிமிட் ஆர்டர்தான் போடுகிறேன். அந்தப் பிடிவாதம் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் ஸ்டாப்லாஸ் வைத்தால் இரண்டு விலைக்கும் நடுவில் பத்து ரூபாயாவது இடம் விடுகிறேன். ஆளில்லாத சந்தையில் விலையைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். வீடு தீப்பிடித்தால் கதவு என்ன விலை என்று கேட்கக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஆறு வருஷமும் ஒரு கல்யாணமும் தேவைப்பட்டன. இன்றைக்கு நான் எந்த ஆர்டரைப் போட்டாலும் ஏன் போடுகிறேன் என்று தெரிந்துதான் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. முகூர்த்தம் முடிந்து மறுநாள் மதியம் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஃபோனில் முந்தின நாள் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, விலை குதிச்சதை நீங்க எப்பப் பாத்தீங்க?"

"அப்பவே பாத்துட்டேன். ஆர்டர் விக்காம நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அப்பவே என்றால் நூற்று முப்பத்திரண்டு. நான் விற்றது நூற்றுப் பதினாறு. பதினாறு ரூபாய் வித்தியாசம், ஆயிரத்து ஐந்நூறு எண்ணம். இருபத்து நாலாயிரம்! எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"அப்பறம் ஏனுங்க அமுக்காம நின்னீங்க? உங்களுக்குத்தான் அமுக்கத் தெரியுமே!"

"தொட வேண்டாம்னு சொன்னியே அம்மணி."

"நான் சொன்னா? காசு போறது தெரியுதல்லங்க?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். "நானா அமுக்கியிருந்தா, என்ற தம்பி என்ன சொல்லுவான்? அண்ணியார் வாக்கு உட்டாங்க, அண்ணன் காப்பாத்திப் போட்டான்னு சொல்லுவான். உன்ற வாக்கு அது. நீ சொல்லித்தான் விக்கோணும்."

இருபத்து நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு மனுஷர் எனக்கு மரியாதை செய்திருக்கிறார். திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"சரி, நான் வாயே தொறக்கலைன்னு வெச்சுக்கோங்க. அது பாட்டுக்கு எறங்கிட்டே இருந்தா? சும்மா பாத்துட்டே நின்னிருப்பீங்களா?"

தலையைச் சொறிந்தார். தேங்காய்க் குவியலுக்கு முன்னால் நிற்கும்போது சொறிவாரே, அதே மாதிரி.

"இல்ல. ஒரு வெலை வெச்சிருந்தேன்" என்றார்.

"என்ன வெலைங்க?"

"நூத்திப் பதினாலு. அது வந்தா அமுக்கிப்போடறது, அப்பறம் உன்ற கோவத்தை வாங்கிக்கறதுன்னு இருந்தேன்."

நூற்றுப் பதினான்கு. என் கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய் திறந்து எனக்குச் சொன்ன முதல் விலை அதுதான்.